ஹைட்ரஜன் இல்லாத வானம்

புனேயில் ஆடி மாத மழை. ஆராய்ச்சி நிலையக் கேன்டீனில் கடைசித் தட்டு காந்தா பஜி, அதாவது வெங்காய பஜ்ஜி. இரண்டு கைகள் ஒரே நேரத்தில் நீண்டன.

"நான்தான் முதல்ல வந்தேன்," என்றாள் கேதகி, தட்டைப் பார்த்தபடி.

"வாய்விட்டுக் கேட்டது நான்தான்." நனைந்த இமைகளுக்குள் சிரிக்கும் கண்கள்... "சரி, பாதி பாதி. மிளகாய் மட்டும் எனக்கு."

அவன் பெயர் சாரங் பெண்ட்சே, கோலாப்பூர்க்காரன். மழை விடவில்லை, பேச்சும் விடவில்லை. மறுநாளும் அதே மேசை. அதற்கு மறுநாளும்...

தொலைதூர ஹைட்ரஜன் அனுப்பும் ரேடியோ அலை மிக மெல்லியது. நம் பால்வீதியின் இரைச்சல் அதை விழுங்கிவிடும். அதனால் நிலையத்தில் ஒரு குழு கணினியில் பொய் வானப் படங்களைச் செய்யும். இன்னொரு குழு இரைச்சலைக் கழுவிவிட்டு ஹைட்ரஜனைத் தேடும். முடிவு வரும்வரை, செய்தவர் யார், உள்ளே என்ன வைத்தார் என்பதெல்லாம் ரகசியம்.

சாரங் கழுவும் குழுவில் இருந்தான்.

"ஏழாவது படத்துல பெரிய சுவர் மாதிரி ஹைட்ரஜன் தெரியுது, கேதகி. பாத்தா நீ சொக்கிப் போயிடுவ."

கேதகியின் தேநீர் உதட்டருகே நின்றது. ஏழாவது படம் அவள் செய்தது. அதில் ஹைட்ரஜனே இல்லை. இல்லாததைக் காண்கிறார்களா என்று சோதிக்க வெறும் இரைச்சலை மட்டும் போட்டிருந்தாள்.

சொல்லிவிடலாமா... சொன்னால் இத்தனை பேர் உழைப்பும் பாழ். சொல்லாவிட்டால், இவன்?

"டீ ஆறுது," என்று மட்டும் சொன்னாள்.

முடிவுகளை வெளியிடும் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அவன் அந்தச் சுவரைத் திரையில் காட்டினான். கேதகி எழுந்தாள். படம் தன்னுடையது, காலியானது என்றாள்.

"என்ன சாரங்ராவ், சுவத்த நீங்களே கட்டினீங்களா?" என்றது பின்வரிசை.

சாரங் அவளை ஒருமுறை பார்த்தான். அதன்பின் கேன்டீன் பக்கமே வரவில்லை.

கேதகியே அவன் அறைக் கதவைத் தட்டினாள்.

"தெரிஞ்சுக்கிட்டே தினமும் எதிர்ல உக்காந்து கேட்டியே," என்றான், திரும்பாமல். "நல்ல வேடிக்கையா இருந்துதா?"

"வேடிக்கை பாக்கல. நீங்க அந்தப் படத்தப் பத்திப் பேசின அன்னைக்கே நான் வர்றத நிறுத்தியிருக்கணும். முடியல."

"ஏன்?"

ஜன்னலில் மழை வழிந்தது.

"நீங்க பேசறதக் கேக்கணும்னு இருந்துது."

நாற்காலி மெல்லத் திரும்பியது.

"சுவர் இல்லன்னு ஆனது போகட்டும்," என்றான். "எங்கேயோ கிடக்கிற சிக்னலத் தேடறேன்... எதிர்ல இருக்கிற முகத்தப் படிக்கத் தெரியல. அதான் வெக்கமா இருக்கு."

"இப்போ படிங்க."

படித்தான். அவள் கண்கள் தாழவில்லை.

"உங்களப் பிடிச்சிருக்கு, சாரங்."

அவனிடம் மறுபடி அந்தச் சிரிப்பு, கண்களில் முதலில்...

"ஒரு தடவ பட்டுட்டேன். சரிபாக்காம எதையும் நம்பறதா இல்ல. இன்னொரு தடவ சொல்லு."

சொன்னாள்.