கயிறு இல்லாத கிணறு

கோட்டைக் கிணற்றின் ஆழத்தைக் காட்ட, அங்கே சுற்றிக்காட்டும் வேலையிலிருந்த எக்பெர்ட்டிடம் ஒரே வித்தைதான் இருந்தது. குவளைத் தண்ணீரை உள்ளே ஊற்றுவான். வந்தவர்கள் மூச்சைப் பிடித்து நிற்க, வெகுநேரம் கழித்து அடியிலிருந்து சளக்கென்று கேட்கும். அன்றைய கடைசிக் கூட்டத்தில் சிரிக்கிற பெண்கள் இருந்தார்கள். கையைக் கொஞ்சம் ஜோராகவே வீசினான். விரலில் மாட்டியிருந்த வெளிவாசல் சாவியும் சேர்ந்து போனது. தண்ணீர் விழுந்தது. சாவி விழுந்த சத்தம் மட்டும் வரவில்லை.

"நல்ல வித்தை" என்று கைதட்டிவிட்டு அவர்கள் மலையிறங்கினார்கள்.

இருட்டுவதற்குள் வாசலைப் பூட்டியாக வேண்டும். இடிந்த கோட்டையில் மிச்சமிருந்த ஒரே கூரையின் கீழ் தனியாக வாழும் சீமாட்டி ஒட்டிலியின் கண்டிப்பான கட்டளை அது. இந்த வேலையும் போனால் மனைவி இல்ஸா அவனோடு பேசுவதை நிறுத்திவிடுவாள்; அல்லது நிறுத்தவே மாட்டாள். இரண்டில் எது மோசம் என்று அவனுக்குத் தீர்மானமில்லை.

கிணற்றில் கயிறு வைக்கச் சீமாட்டி விடமாட்டாள். ஏன் என்று கேட்டால் மழையைப் பற்றிப் பேசுவாள். அவள் கணவர் பாரன் எங்கே என்று கேட்டால், வேட்டைக்குப் போயிருக்கிறார் என்பாள். இத்தனை வருடம் ஓடுகிற மான் எதுவோ என்று எக்பெர்ட் சிரித்துக்கொள்வான்.

சாரம் கட்டியவர்கள் விட்டுப்போன நீளக் கயிற்றை இரும்பு வளையத்தில் முடிந்து, நுனியில் கொக்கி கட்டி இறக்கினான். பாசியும் ஈர இரும்பும் கலந்த வாடை, அதற்கடியில் அணைந்த மெழுகுவர்த்திபோல இன்னொரு வாடை, மூடுபனியோடு மெல்ல மெல்ல எழுந்துவந்து அவன் சட்டைக்குள் நுழைந்துகொண்டிருந்தபோது, கயிறு ஒருமுறை அசைந்தது. இழுத்தான். கொக்கியில் சாவி. தானாக மாட்டியிருக்கவில்லை. பட்டு நாடாவால் முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது.

சாவியைப் பிடுங்கிக்கொண்டு கயிற்றை உதறினான். அது சரசரவென்று உள்ளே இறங்கி விறைத்து நின்றது. பிறகு ஆடத் தொடங்கியது. சீராக. கைமாற்றிக் கைமாற்றி யாரோ ஏறுவதுபோல.

"கயித்தை விட்டியா?"

பின்னால் சீமாட்டி. கையில் ரொட்டிக் கத்தி.

"சாவிக்காகம்மா. வேணும்னா நாளைக்கே நான் வேலைய..."

"அதை வெட்டு, எக்பெர்ட்."

"கீழ யாரும்மா?"

"பேசாம வெட்டு."

வெட்டினான். ரொட்டிக்கே தடுமாறுகிற கத்தி. ஒரு புரி விட்டது. இன்னொன்று. உள்ளே மூச்சிரைப்பு. பக்கத்தில். இன்னும் பக்கத்தில். பாதி அறுந்திருந்தபோது கயிறு சட்டென்று தளர்ந்தது. பாரமே இல்லை.

எக்பெர்ட் தரையில் உட்கார்ந்துவிட்டான். "விழுந்துட்டாங்களாம்மா?"

சீமாட்டி அவனைப் பார்க்கவில்லை. கலைந்த நரைமுடியை அவசரமாக ஒதுக்கி, மேலங்கிப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள். கிணற்று விளிம்பில், வெறும் கல்லில், ஈரமான இரண்டு உள்ளங்கைத் தடங்கள்.

"இல்லப்பா" என்றாள். "என் புருஷன் ஏறிட்டார்."