பெட்டிக்குள் ஒட்டிய முகம்

பொன்னியின் குழந்தை கண்ணை மூடவே இல்லை.

ஏழாம் மாதமே பிறந்துவிட்ட பெண் குழந்தை. பிறந்ததிலிருந்து ஆஸ்பத்திரியின் கண்ணாடிப் பெட்டிக்குள், மூக்கில் குழாயோடு கிடந்தது. பார்வை நன்றாக வளரட்டும் என்று டாக்டர் பெட்டியின் உள்பக்கம் ஓர் அட்டையை ஒட்டச் சொல்லியிருந்தார்: வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடுகளால் வரைந்த ஒரு முகம். டெட்டால் நெடியும், சூடேறிய பிளாஸ்டிக் வாடையும், ட்யூப்லைட்டின் ஓயாத ரீங்காரமும், திரைக்கு அப்பால் செங்கம் ரோட்டில் கத்திக்கொண்டு போகும் பஸ்களின் ஹாரனும் சேர்ந்து மண்டையைக் குடைந்த அந்த அறையில், காலையிலிருந்து குழந்தை அதையே பார்த்துக்கொண்டிருந்தது.

"சிஸ்டர், கண்ணே சிமிட்ட மாட்டேங்குதுங்க. அந்தப் படத்த எடுத்துடுங்க."

நர்ஸ் தனம் திரும்பவில்லை. "நல்லா பாக்குதுன்னு சந்தோஷப்படும்மா."

"லைட்டையாவது கம்மி பண்ணுங்க. வயித்துல இருட்டுல இருக்க வேண்டிய புள்ள."

"நீ டாக்டருக்குப் படிச்சியா?"

வலி என்று கதறிக்கொண்டு இங்கே வந்த பொன்னியை, 'சூட்டு வலிதான், போம்மா' என்று இதே குரலில்தான் திருப்பி அனுப்பினார்கள். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறினாள். பஸ்ஸிலேயே பனிக்குடம் உடைந்தது.

இனி வாயை மூட முடியாது.

தனம் மருந்து எடுக்கப் போனதும் பெட்டியின் பக்கக் கதவைத் திறந்தாள். வெதுவெதுப்பான காற்று முகத்தில் அடித்தது. அட்டையைப் பிய்த்தாள். கிழித்தாள். மறுபடி கிழித்தாள். காலில் போட்டு மிதித்தாள்.

"அம்மாவப் பாரு, கண்ணு."

குழந்தை அசையவில்லை. பார்வை அதே இடத்தில். வெறும் கண்ணாடியில்.

அந்த இடத்துக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுபோனாள். குழந்தையின் கருவிழிக்குள் தெரிந்தது அவள் முகம் இல்லை. கறுப்புக் கோடுகள். வெள்ளை. அவள் விலகினாள். அது விலகவில்லை.

"இன்னாம்மா பண்ணி வச்சிருக்க?" தனம் ஓடி வந்தாள்.

பொன்னி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "நான் சொன்னா நம்ப மாட்ட இல்ல? நீயே பாருடி. நல்லா பாரு."

தனம் குனிந்தாள்.

ட்யூப்லைட் ரீங்கரித்தது. நேரம் போனது.

தனம் நிமிர்ந்தாள். விரிந்த கண்கள் இமைக்கவில்லை. இரண்டிலும் அதே முகம்.

அப்போதுதான் தன் கண்கள் எரிவது பொன்னிக்கு உறைத்தது. மூடப் பார்த்தாள்.

இமை இறங்கவில்லை.