முடி கழுவிய தண்ணீர்

காலையில் தலையைத் தொட்டபோது சிக்கே இல்லை. இரவு குளித்த ஈரத்தோடு, சீப்பை எடுக்கச் சோம்பல்பட்டுச் சுருண்டு படுத்தவள் அவள். இப்போதோ கோடு போட்டாற்போல நேர் வகிடு. வாசல் கதவு உள்ளே பூட்டியபடியே இருந்தது. தனியாக இருக்கிறவளுக்குத் தலைவாரிவிட யார் வருவார்? இறந்தவர் முடியில் போதைமருந்து தேடுகிற வேலை என்றதும் வந்த வரன்களெல்லாம் வாசலோடு திரும்பியாயிற்றே!

கொஞ்ச நாளாகவே இப்படித்தான். தூக்கத்தின் ஓரத்தில் முடிக்குள் மெல்ல ஊர்ந்து பிரிக்கும் விரல்கள், காதருகே நனைந்த துணியின் வாடையோடு ஒரு மூச்சு, விளக்கைப் போட்டால் சுவரோடு ஒதுங்கும் நிழல். தங்கை வீட்டில் போய்ப் படுத்தாள். அங்கேயும் விடிந்தால் வகிடு.

அவளுக்கு ஒரே ஆசை. யாரோ தன் சாப்பாட்டில் பிரமை தரும் மருந்தைக் கலந்திருக்க வேண்டும். உலகத்தில் யாரும் படாத ஆசைதான். ஆனால் அப்படியிருந்தால் விரல்கள் பொய்யாகிவிடும்.

பிடரியிலிருந்து ஒரு கற்றையை வெட்டி ஆய்வகத்துக்குக் கொண்டுபோனாள்.

"யாரோட முடிடி?" என்றாள் இயந்திரத்தைக் கவனிக்கும் மூத்தவள்.

"என்னோடதுதான்க்கா. சிரிக்காதீங்க."

"காதல்னா சொல்லு, மிஷினே வேணாம். மூஞ்சியப் பாத்தே சொல்லிருவேன்."

மறுநாள் மதியம் முடிவு வந்தது. மூத்தவள் சிரிக்கவில்லை.

"முடிக்குள்ள ஒண்ணுமில்ல. நீ எதையும் சாப்பிடல."

"சரியாப் பாத்தீங்களா?"

"ரெண்டு தடவ. ஆனா முதல்ல முடியக் கழுவுனோம்ல, அந்தத் தண்ணி பூரா போதைமருந்து. தின்னிருந்தா முடிக்குள்ள இருக்கும். வெளிய மட்டும் இருந்தா..." குரல் தணிந்தது. "மருந்து படிஞ்ச கையால யாரோ உன் தலையத் தடவியிருக்காங்க. யாருடி அது?"

அவள் கத்தரிக்கோலோடு கழிவறைக்குள் ஓடித் தாழிட்டாள். முடி இருந்தால்தானே வாருவதற்கு? கற்றை கற்றையாக வெட்டினாள். ஒட்ட ஒட்ட. தோல் கிழிந்தது. நிறுத்தவில்லை.

கதவு தட்டப்பட்டது. "என்னடி பண்ற? திற!"

தாழ்ப்பாளை இழுத்தாள். நகரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள்.

நகரவில்லை.

நனைந்த துணியின் வாடை.

மொட்டைத் தலையில் பத்து விரல்கள் படர்ந்தன. தேடின. ஒன்றும் அகப்படாமல், அவசரமே இல்லாமல், நெற்றி வழியாக இறங்கின.

எதிரே கண்ணாடியில் அவளைத் தவிர யாரும் இல்லை. அவளுடைய புருவ மயிர் மட்டும், இழை இழையாக, ஒரே பக்கமாக வாரப்பட்டுக்கொண்டிருந்தது.