விலகுமிடம்

அந்த வீட்டுக்குக் குடிவந்த நாளில் தையல்காரிக்கு ஒரே ஒரு கவலைதான் இருந்தது. தையல் இயந்திரம் அடிபடாமல் அந்தச் செங்குத்துச் சரிவில் மேலே போய்ச் சேர வேண்டும். கணவன் அதைத் தலையில் சுமந்து ஏறினான். பட்டறையில் பிட்டராக இருப்பவனுக்கு இரும்பைச் சுமப்பது பழகிய சங்கதி. சுண்டெலி என்று வீட்டில் செல்லமாக அழைக்கப்பட்ட ஐந்து வயது மகள், அப்பாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

பாதி வழியில், யாரோ அவசரமாக எதிரே இறங்கிப் போவதுபோல ஒரு குளிர்ந்த காற்று அவர்களுடைய தோளை உரசிக்கொண்டு கீழே சென்றது. மலையென்றால் காற்றடிக்கத்தான் செய்யும் என்று தையல்காரி தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள்.

மலையடிவாரத்தில், பட்டறை இருந்த ஆற்றுத்துறையில் அவர்களுக்கு வீடு அமையவில்லை. மலையுச்சியில், கல்குவாரித் தொழிலாளர்களுக்கென்று எந்தக் காலத்திலோ கட்டிய வரிசை வீடுகளில் கடைசி வீட்டுக்கு மட்டும் கூரை மிஞ்சியிருந்தது; அதை யாரும் கேட்கவும் இல்லை. சுற்றிப்போகும் வண்டிப்பாதை மண்சரிவில் மூடிப்போய்விட்டபடியால், ஏறவும் இறங்கவும் அந்தச் சரிவைத் தவிர வேறு வழி கிடையாது.

வீட்டின் பின்புறம் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் ஆளைவிட உயரமான மர உருளை ஒன்று, அச்சு துருவேறி, எண்ணெய்ப் பிசுக்கும் பழங்கொழுப்பும் நாற, அசைவற்றுக் கிடந்தது. பக்கத்தில், தொடையளவு பருமனுள்ள ஒரு பிரேக் கட்டை. சுண்டெலி அது என்னவென்று கேட்டாள். கணவனுக்கோ இயந்திரம் என்றால் கரும்பு தின்னக் கூலி கொடுத்தது மாதிரி. மடியில் அமர்த்திக்கொண்டு விளக்கினான்.

ரயில் எஞ்சின் இந்தப் பக்கம் எட்டிப்பார்ப்பதற்கு முன்பே இங்கே தண்டவாளம் இருந்ததாம். எஞ்சினும் கிடையாது, குதிரையும் கிடையாது. உருளையில் சுற்றிய வடத்தின் ஒரு முனையில் கல் ஏற்றிய பெட்டி, மறு முனையில் காலிப் பெட்டி. பாரப் பெட்டி தன் கனத்தாலேயே இறங்கும். இறங்குகிற கனம் காலிப் பெட்டியை மேலே இழுத்துவரும். சரிவின் நடுவில் மட்டும் ஒற்றைப் பாதை இரண்டாகப் பிரிந்து மறுபடி ஒன்றாகும்; ஏறுவதும் இறங்குவதும் அங்கேதான் ஒன்றுக்கொன்று வழிவிடும். அதற்கு விலகுமிடம் என்று பெயர். தண்டவாளத்தைப் பெயர்த்து பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். அதைத் தாங்கிய கற்கள் மட்டும் துளைத்த கண்களோடு சரிவு முழுதும் பதிந்திருந்தன.

குழந்தைக்குப் புரியவில்லை. ஆகவே அவன் ஒரு கதை சொன்னான்.

"ஒரு தராசு இருந்துச்சாம். அதோட ரெண்டு தட்டும் அக்கா தங்கச்சி. ரெண்டு பேரும் ஒண்ணா மேல போயி வானத்தப் பாக்கணும்னு ஆசப்பட்டாங்களாம். தராசு முள்ளு சொல்லுச்சாம், ஒருத்தி தரையத் தொட்டாதான்டி இன்னொருத்தி வானத்தத் தொட முடியும்னு."

"அப்ப அவங்க எங்க பாத்துப்பாங்க?"

"நடுவுல. போற போக்குல."

மறுநாள் காலை, மூடுபனி இன்னும் விலகாத நேரத்தில், கணவன் பட்டறைக்குப் புறப்பட்டான். தையல்காரி ஒரு சட்டைக் கைக்கு விளிம்பு தைத்துக்கொண்டிருந்தாள்.

பின்புறம் உருளை முனகியது.

ஓடிப்போய்ப் பார்த்தாள். வடம் இல்லாத அந்த உருளை, செக்கு மாடு நடப்பதுபோல, மெல்ல மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. சற்று நேரத்தில் நின்றது. பிறகு வாசலில் காலடி கேட்டது. களைத்துப்போன ஓர் ஆணின் கனத்த காலடி. மறந்த பொருளை எடுக்கக் கணவன் திரும்பிவிட்டான் என்று எண்ணி, என்னங்க என்று குரல் கொடுத்தாள். ஈரக் கல்பொடியின் வாசனை அறைக்குள் நுழைந்தது. மூலையில் கிடந்த கயிற்றுக் கட்டில், யாரோ உடம்பைச் சாய்த்ததுபோல நடுவில் குழிந்தது.

நாள் முழுதும் குழிந்தே கிடந்தது.

மாலையில் உருளை எதிர்ப்புறமாகச் சுற்றியது. கட்டில் பெருமூச்சு விட்டதுபோல நிமிர்ந்தது. கல்வாசனை வாசல் வழியே வெளியேறிற்று. சிறிது நேரத்தில் கணவன் உள்ளே வந்தான். விலகுமிடத்தில் யாரோ எதிரே இறங்கினதாகவும், முகம் தெரியாவிட்டாலும் மரியாதைக்கு ஒதுங்கி நின்றதாகவும் சொன்னான்.

அவள் அன்றே எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். ஆனால் குடிவந்த மறுநாளே பேய் என்று சொன்னால் எந்தப் புருஷன்தான் சிரிக்காமல் இருப்பான்? வாயை மூடிக்கொண்டாள். ஒவ்வொரு காலையும் ஒருவன் இறங்கினான், ஒருவன் ஏறினான். மனிதருக்கு எதுவும் பழகிவிடும். அதுதான் மனிதருக்கு வாய்த்த சாபங்களில் பெரியது.

விடுமுறை நாளில் கணவன் சுண்டெலியைத் தூக்கிக்கொண்டு, ஆற்றுத்துறையில் இருந்த தன் அக்காவைப் பார்க்கப் போனான். தையல்காரி மேலேயே இருந்தாள். உருளை சுற்றியது. கட்டில் குழிந்தது.

அன்று, அதற்குப் பிறகும் உருளை சுற்றியது.

சிறு பாதங்கள் அறைக்குள் ஓடிவந்தன. கதவுக்குப் பின்னால் பார்த்தன. கட்டிலுக்கு அடியில் பார்த்தன. தையல்காரியின் முன்னால் வந்து நின்றன. குழந்தையின் மூச்சு அவள் முழங்காலில் குளிர்ந்து பட்டது. அவள் ஊசியை விரலில் குத்திக்கொண்டாள், ஆனாலும் அசையவில்லை.

மாலையில் திரும்பிய சுண்டெலி, வழியில் ஒரு பாப்பா எதிரே வந்ததென்றும், போகும்போதும் வரும்போதும் கை காட்டியதென்றும் சொன்னாள். கணவன் சிரிக்கவில்லை. அவன் அக்கா வாய்த்துடுக்குக்காரி. தம்பி பெண்டாட்டியைப் பற்றி, பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம், பிட்டருக்கு வாழ்க்கைப்பட்டால் மலையுச்சி என்று வழக்கம்போலக் கேலி பேசியிருக்கிறாள். ஆனால் எதிரே வந்த பாப்பாவைப் பற்றிச் சுண்டெலி அங்கேயும் சொன்னதும் அவள் முகம் சுண்டிவிட்டது. துறையில் பழையவர்கள் சொல்லிவந்ததை அவள் சொன்னாள். அவன் அதை இப்போது மனைவியிடம் சொன்னான்.

கல்பெட்டி ஓடிய காலத்தில், துறையில் வேலை முடிந்து களைத்தவர்கள், கூடாது என்ற விதியை மீறிக் காலிப் பெட்டியில் ஏறி வீடு திரும்புவார்கள். ஒரு மாலை அப்படி இருவர் வந்தார்கள். ஒருவன், இந்தக் கடைசி வீட்டுக் கல்லுடைப்பவன். மற்றது, துறையில் வேலை பார்த்த அப்பாவை அழைத்துவர இறங்கிப் போன ஒரு சிறுமி. வேலை முடியவில்லை, நீ முன்னால் போ என்று அப்பா அவளைப் பெட்டியில் ஏற்றிவிட்டானாம். விலகுமிடத்துக்கு அவர்கள் வந்தபோது பாரப் பெட்டி தடம் புரண்டு அவர்கள் மேல் சாய்ந்தது. அவர்கள் வீடு வந்து சேரவே இல்லை. வடம் போனாலும் சரிவு தன் தொழிலை மறக்கவில்லை என்பது துறைக்காரர்களின் நம்பிக்கை. ஒருவர் இறங்கினால் ஒருவர் ஏறுவார்.

"அக்கா சொல்லுறா, வர்ற வாரமே மூணு பேரும் கீழ வந்துருங்க, நெருக்கியடிச்சுப் படுத்துக்கலாம்னு."

தையல்காரி அப்போதுதான் பகலில் நடப்பதை எல்லாம் சொன்னாள். இருவரும் பேசி முடிவெடுத்தார்கள். வாரக் கூலி கையில் வந்ததும் இறங்கிவிடுவது.

ஒரு வாரம்தானே என்று அவர்கள் நினைத்தார்கள்.

அந்த வாரத்தில் ஒரு மாலை கணவன் வரவில்லை. வெளிச்சம் மங்கத் தொடங்கியது. பின்புறம் உருளை ஒரு முறை அசைந்தது. உடனே கரக்கென்று நின்றது. தையல்காரி கொட்டகைக்குப் போனாள். எப்போதும் நிமிர்ந்தே நின்ற பிரேக் கட்டை கீழே இறங்கி உருளையை இறுக்கிப் பிடித்திருந்தது. இரு கையாலும் தூக்கிப் பார்த்தாள். எள்ளளவும் அசையவில்லை. யாரோ இவ்வளவு நேரம் பிடித்திருந்ததுபோல அதன் பிடி மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது.

உள்ளே வந்தாள். கட்டில் குழிந்தபடியே கிடந்தது.

அவளுக்கு விளங்கிவிட்டது. வீடு வந்து சேர்ந்தவன் இனி இறங்கப்போவதில்லை. அவன் இறங்காதவரை அவள் கணவன் ஏற முடியாது. அப்படியானால் வேறு யாராவது இறங்கியாக வேண்டும். மேலே இருப்பது அவளும் குழந்தையும். குழந்தையைத் தனியே அனுப்ப முடியாது. இருவரும் இறங்கினால் மேலே இருவர் வருவார்கள், கணவனோடு ஏறி வரும் அந்த இரண்டாவது ஆள் யார் என்று நினைக்கவே அவள் துணியவில்லை. தான் மட்டும் இறங்கினால் கணவன் குழந்தையிடம் வந்துவிடுவான். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

சுண்டெலியை வாசற்படியில் உட்கார வைத்தாள். தான் தைத்து அவள் போட்டிருந்த மஞ்சள் சட்டையை இழுத்துச் சரிசெய்தாள்.

"அப்பா இப்ப வந்துருவாரு. உள்ள போகாத. இங்கயே இரு."

"நீ?"

"நான் அத்த வீட்டுக்குப் போறேன். காலையில நாம எல்லாரும் ஒண்ணா இருப்போம்."

அவள் முதற் கல்லில் கால் வைத்தாள். கொட்டகையில் பிரேக் கட்டை தானாக உயர்ந்த சத்தம் கேட்டது.

இதற்காகவே காத்திருந்ததுபோல.

அந்தச் சத்தம் அவளைத் தடுத்திருக்க வேண்டும். ஆனால் கால்கள் ஏற்கெனவே இறங்கத் தொடங்கிவிட்டன; அவள் சொல்லி அவை நிற்பதாக இல்லை. பனி முழங்கால்வரை படர்ந்தது. விலகுமிடம் நெருங்கியது. எதிர்ப்பக்கம் காலடி கேட்டது. அவள் கையை நீட்டினாள்.

காலடி கனமாக இல்லை.

துள்ளித் துள்ளி ஏறும் சின்னஞ்சிறு பாதங்கள். அவள் விரல்களின் ஓரமாக ஈரக் கல்வாசனை கடந்து மேலே போயிற்று.

அவள் திரும்பி ஓட முயன்றாள். கால்கள் இறங்கிக்கொண்டே இருந்தன.

அடிவாரத்தில், கற்களின் ஓரம், கணவன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மாலையிலிருந்து ஏறப் பார்க்கிறானாம். கால் நடக்கிறது, இடம் நகர மறுக்கிறது.

"நீ ஏன் எறங்குன?"

அவள் திரும்பி உச்சியைப் பார்த்தாள். எதிரே காத்திருந்தது அவன் ஒருவன் மட்டுமல்ல என்பதை அவள் மறந்துபோயிருந்தாள். வரிசையில் அவனுக்கு முன்னால் நின்றவள் ஒருத்தி இருந்தாள்.

அந்த இரவு முழுதும் இருவரும் ஏறினார்கள். அக்காவும் வந்து தோள் கொடுத்துத் தள்ளினாள். கற்களைப் பற்றித் தவழ்ந்து பார்த்தார்கள். நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். மேலே கடைசி வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஏற்றியது யார் என்று மூவரில் ஒருவரும் கேட்கவில்லை.

விடியும் வேளையில் தையல்காரியின் கால் ஓர் அடி முன்னே போயிற்று.

இன்னோர் அடி. கணவன் அவள் கையைப் பற்றினான். அவன் கால்கள் மண்ணில் வேரோடியதுபோல நின்றன. கை நழுவியது. அவள் ஏறுகிறாள் என்றால் மேலிருந்து யாரோ இறங்குகிறார்கள். அந்த எண்ணத்தோடு அவள் அழுதுகொண்டே ஏறினாள்.

விலகுமிடத்தில் பனிக்குள் மஞ்சள் நிறம் தெரிந்தது. தன் கையால் தைத்த சட்டை. கழுத்தோரத்தில் தன் தையல். முகத்தைப் பனி மறைத்திருந்தது. சின்னக் கை உயர்ந்து ஆடியது. அவள் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், அது நிற்கவில்லை. அவளாலும் நிற்க முடியவில்லை. போகட்டும், அப்பாவிடம்தானே போகிறாள் என்று அவள் நெஞ்சு ஒரு கணம் ஆறியது. இனி இந்த மலைமேல் தனியே கிடந்து செத்தாலும் பாதகமில்லை என்றுகூட நினைத்தாள்.

உச்சியை அடைந்தாள். வீட்டுக் கதவு திறந்திருந்தது.

வாசற்படியில், வெறும் உள்பாவாடையோடு, குளிரில் உதடு நீலம் பாரித்து, சுண்டெலி உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, அந்தப் பாப்பா என் சட்டையக் கேட்டுச்சு. குடுத்துட்டேன். அதுக்கு அப்பா வேணுமாம்."

தையல்காரி சரிவின் பக்கம் திரும்பினாள். பனி அடிவாரத்தை முழுதாக மூடியிருந்தது. அதற்குள்ளிருந்து அவள் கணவனின் குரல், மகள் பத்திரமாக வந்துசேர்ந்த நிம்மதியில் தழுதழுத்து, மெல்ல எழுந்து வந்தது.

"வா வா, என் தங்கமே. அப்பா இங்கதான் இருக்கேன். வா."

அவள் அலறுவதற்காக வாயைத் திறந்தாள். பின்னால், வீட்டுக்குள், கயிற்றுக் கட்டில் கிரீச்சிட்டது.

கொட்டகையில் பிரேக் கட்டை இறங்கியது.