பல் டாக்டர் மாமாவின் பச்சைக் கார்

பம்பரத்தால் ஓர் இடத்தில் சும்மா உட்கார முடியாது. அதனால்தான் அவளுக்கு அந்தப் பட்டப்பெயர். உண்மையான பெயரை வகுப்பு டீச்சர் மட்டும்தான் சொல்வார். அதையும் "உட்காரு" என்ற சொல்லோடு சேர்த்துத்தான் சொல்வார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் வாசலுக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். ஒரு காலில்தான் காலுறை இருந்தது. இன்னொரு காலுறை கையில் இருந்தது.

"இன்னும் மாமா வரலையேம்மா."

"எட்டு மணிக்குத்தான் வர்றேன்னு சொன்னார். இப்போ ஏழுகூட ஆகலை. முதல்ல அந்தக் காலுறையைப் போடு," என்றார் அம்மா.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். அவர் ஒரு பல் டாக்டர். அவருக்கு இரண்டு பைத்தியங்கள் உண்டு. ஒன்று ஜாஸ் இசை. இன்னொன்று பழைய கார்.

ஜாஸைப் பற்றி அவரிடம் மூட்டை மூட்டையாகக் கருத்துகள் இருந்தன. அவற்றை அவிழ்க்கத் தோதான இடம் அவருடைய கிளினிக்தான். நாற்காலியில் சாய்ந்திருப்பவர் வாயைத் திறந்தபடி இருப்பார். பாவம், மறுத்துப் பேச வழியே இல்லை.

"கம்ப்யூட்டர்ல அடிக்கிற டிரம்ஸ் இருக்கே, அது பொய்ப்பல் மாதிரி. வரிசையா இருக்கும், உயிர் இருக்காது. வாயை நல்லாத் திறங்க. எழுதி வெச்சதை அப்படியே வாசிச்சா அது செய்தி வாசிக்கிறது. ஜாஸ்ல பக்கத்துல இருக்கறவர் என்ன வாசிக்கறார்னு கேட்டுக் கேட்டு வாசிக்கணும். காது இல்லாதவனுக்கு ஜாஸ் வராது. இப்போ துப்புங்க."

கார் விஷயத்திலும் இதே கதைதான். புதிய கார்களெல்லாம் சக்கரம் வைத்த ஃப்ரிட்ஜ் என்பார். அவருடைய கார் அவருடைய தாத்தா காலத்தது. கரும்பச்சை நிறம், இரண்டே இருக்கைகள், தவளைக் கண் போன்ற விளக்குகள். கிளினிக் இல்லாத நேரமெல்லாம் மாமாவின் கால்கள் மட்டும்தான் வெளியே தெரியும். மீதி மாமா காருக்கு அடியில் இருப்பார். அத்தை அந்தக் காரை "உங்க மாமாவோட மூத்த பிள்ளை" என்பார்.

ஆண்டுக்கொருமுறை பழைய கார்களெல்லாம் ஊரிலிருந்து கிளம்பி, மலைமேல் இருக்கும் ஏரிவரை போகும். பந்தயம் இல்லை. ஆனால் நண்பகலுக்குள் போய்ச் சேர வேண்டும். பன்னிரண்டு மணிக்குக் கொடியைச் சுருட்டிவிடுவார்கள்.

முதல் முறை மாமாவின் கார் பாதி வழியில் கொதித்து நின்றது. இரண்டாம் முறை கார் நன்றாகத்தான் ஓடியது. மாமாதான் நின்றுவிட்டார். வழியில் ஒரு மஞ்சள் கார்க்காரர், "ஜாஸா? அலமாரியிலேருந்து பாத்திரம் விழற சத்தம்தானே அது?" என்று கேட்டுத் தொலைத்தார். மாமா இறங்கிப்போய் அவருக்குப் பதில் சொல்லி முடித்தபோது மணி ஒன்று.

அன்றைக்கு அத்தை ஒரு முடிவுக்கு வந்தார். அத்தை தச்சுவேலை கற்றுக்கொண்டவர். ஸ்டூல், அலமாரி, பொம்மை வண்டி எல்லாம் செய்வார். இடம் இல்லாமல் சமையலறையில் வைத்து அறுப்பதால் சாப்பாட்டில் அடிக்கடி மரத்தூள் கிடைக்கும். கார் நிற்கும் ஷெட் கிடைத்தால் அவருக்கு வேறெதுவும் வேண்டாம். அதைக் கேட்டேவிட்டார்.

"அடுத்த வருஷமும் ஏரிக்குப் போய்ச் சேரலைன்னா காரை வித்துடறேன். ஷெட் உனக்கு," என்று மாமா வாக்குக் கொடுத்துவிட்டார்.

"அப்போ நான் உங்ககூட வரமாட்டேன். வந்தா யார் ஜெயிக்கணும்னு எனக்கே குழப்பமாயிடும். நான் பஸ்ல போய் ஏரிக்கரையில நிக்கிறேன்," என்றார் அத்தை.

கூட ஒருவர் உட்கார வேண்டும் என்பது விதி. அப்படித்தான் பம்பரத்துக்கு அந்த இடம் கிடைத்தது.

எட்டு மணிக்குக் கார் வாசலில் வந்து நின்றது. மாமா டை கட்டியிருந்தார். பம்பரம் ஏறியதும் அவள் மடியில் ஒரு கனமான டேப் ரெக்கார்டரை வைத்தார்.

"இதை ரெண்டு கையாலும் பிடிச்சுக்கோ. ஆடாம உட்காரணும். ஆடினா டேப் சிக்கிக்கும்."

"ஏரி வரைக்குமா?"

"ஏரி வரைக்கும்."

கார் கிளம்பியது. சாக்ஸபோன் ஒன்று நிதானமாக ஏதோ சொல்ல ஆரம்பித்தது. பம்பரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதலில் அவளுடைய இடது கால் ஆடத் தொடங்கியது. அதை வலது காலால் மிதித்து நிறுத்தினாள். உடனே தோள் அரித்தது. அப்புறம் விரல்கள் டேப் ரெக்கார்டரின் மேல் தட்டத் தொடங்கின.

"தப்பான இடத்துல தட்டற," என்றார் மாமா.

"தட்டறதுல தப்பான இடம் வேற இருக்கா?"

"இருக்கு. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு எண்ணு. ரெண்டுலயும் நாலுலயும்தான் தட்டணும். ஒண்ணுலயும் மூணுலயும் தட்டறவங்களை எனக்குப் பார்க்கவே பிடிக்காது."

பம்பரம் கைகளைத் தொடைக்கடியில் செருகிக்கொண்டாள். அவளுக்கு அழுகையாக வந்தது. வராமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

மலையடிவாரத்தை அடைந்தபோது வானம் கறுத்தது. முதல் வளைவில் தூறல் விழுந்தது. இரண்டாவது வளைவில் கொட்டத் தொடங்கிவிட்டது.

அந்தக் காரின் வைப்பருக்கு மோட்டார் கிடையாது. கண்ணாடிக்கு மேலே, ஓட்டுகிறவர் பக்கம், சின்னக் கைப்பிடி ஒன்று இருக்கும். அதைப் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டினால் வெளியே வைப்பர் ஆடும். மாமாவுக்கோ ஸ்டீயரிங்கைப் பிடிக்க ஒரு கை, கியர் மாற்ற ஒரு கை. வைப்பருக்கு மூன்றாவது கைக்கு எங்கே போவது?

"நான் ஆட்டட்டுமா மாமா?"

"நீ ஆடாம இரு. அது போதும்."

அவர் அவசர அவசரமாகக் கைப்பிடியை ஒரு வெட்டு வெட்டினார். படக் என்று சத்தம். கைப்பிடி அவர் கையோடு வந்துவிட்டது.

மாமா காரை ஓரமாக நிறுத்தினார். கண்ணாடி முழுவதும் தண்ணீர் வழிந்தது. அவர் கையிலிருந்த கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிடுங்கக் கூடாத பல்லைப் பிடுங்கிவிட்டால் ஒருவேளை இப்படித்தான் பார்ப்பாரோ என்னவோ.

"அவ்வளவுதான்," என்றார். "ஷெட் உங்க அத்தைக்கு."

"மழை விடற வரைக்கும் இருந்து பார்ப்போமே."

"மணி பதினொண்ணு தாண்டியாச்சு. இந்த மழை இப்போ விடற மழை இல்ல."

அவர் டேப்பை நிறுத்தவில்லை. சாக்ஸபோன் மட்டும் எதுவுமே நடக்காததுபோல் பேசிக்கொண்டிருந்தது. மாமாவின் குரல் கம்மியிருந்தது. பம்பரத்துக்கு அதைக் கேட்கப் பிடிக்கவில்லை. எப்போதும் சளசளவென்று பேசுகிற மாமாதான் அவளுக்குப் பழக்கம்.

அவளால் சும்மா இருக்க முடியவில்லை. டேப் ரெக்கார்டரை இருக்கையில் வைத்துவிட்டு மழையில் இறங்கினாள்.

"எங்க போற? நனைஞ்சுடுவ."

"நனைஞ்சாச்சு மாமா."

அவள் கண்ணாடிக்கு முன்னால் நின்று வைப்பரை விரலால் தள்ளிப் பார்த்தாள். அது லேசாக ஆடியது. திருப்பித் தள்ளினாள். திரும்பி வந்தது. உடைந்தது உள்ளே இருந்த கைப்பிடி மட்டும்தான். வெளியே எல்லாம் சரியாகவே இருந்தது.

"மாமா, கயிறு இருக்கா?"

"கயிறா? இல்லையே."

"உங்க கோட்டுப் பையில பல்லுக்கு விடற நூல் இருக்கும்ல?"

இருந்தது. பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் அந்த நூல் டப்பா இல்லாமல் மாமா வெளியே கிளம்பவே மாட்டார். பிறந்தநாள் பரிசாகக்கூட அதைத்தான் கொடுப்பார். அதற்காகப் பம்பரம் அவர்மேல் பலமுறை கோபப்பட்டிருக்கிறாள்.

ஓர் இழையை இழுத்தால் அறுந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் நீளமாக இழுத்துப் பல மடிப்பாக மடித்து, தலைமுடி பின்னுவதுபோலப் பின்னத் தொடங்கினாள். மாமா மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு கயிறுகள் தயாராயின. கார் முழுவதும் அந்த நூலின் புதினா வாசனை.

இரண்டையும் வைப்பரின் நுனியில் கட்டினாள். ஒன்றைத் தன் பக்கத்து ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்தாள். இன்னொன்று மாமாவின் பக்கத்து ஜன்னல் வழியாக நுழைந்து, அவருடைய தாடைக்குக் கீழாக அவளிடம் வந்தது. கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டாள். இதை இழுத்தால் வைப்பர் இந்தப் பக்கம் வந்தது. அதை இழுத்தால் அந்தப் பக்கம் போனது. கண்ணாடியில் சாலை தெரிந்தது.

மாமா காரைக் கிளப்பினார். கொஞ்ச தூரம் போனதும் பழைய மாமா திரும்பி வந்துவிட்டார்.

"பாட்டைக் கேட்டு இழு. ரெண்டு, நாலு. ரெண்டு, நாலு. அப்படித்தான்."

பம்பரம் அப்படியே இழுத்தாள். ஆனால் அது மிக மெதுவான பாட்டு. மழையோ சரம் சரமாக இறங்கியது. இரண்டுக்கும் நாலுக்கும் நடுவில் கண்ணாடி மங்கிவிட்டது. ஒரு வளைவு சட்டென்று கண்முன் வந்தது. மாமா ஸ்டீயரிங்கை ஒடித்துத் திருப்பினார். சக்கரம் சாலையோரக் கல்லில் உரசி மீண்டது.

பம்பரம் ஒரு கயிற்றை வாயில் கவ்விக்கொண்டு, கையை நீட்டிக் காலடியில் இருந்த டேப்பை நிறுத்தினாள்.

மாமாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தக் காரில் அவருடைய பாட்டை இதுவரை யாரும் நிறுத்தியதில்லை.

"ஏன் நிறுத்தின?"

"பக்கத்துல வாசிக்கறவரைக் கேட்டுத்தான் வாசிக்கணும்னு நீங்கதானே சொல்வீங்க? இப்போ பக்கத்துல மழைதான் வாசிக்குது. அதைக் கேட்டுத்தான் நான் இழுக்க முடியும்."

மாமா தலையசைத்துவிட்டுக் கியரை மாற்றினார்.

கூரைமேல் மழை வேகம் பிடித்தபோது பம்பரத்தின் கைகளும் வேகம் பிடித்தன. அது தணிந்தபோது அவளும் தணிந்தாள். உடம்பெல்லாம் ஆடியது. கால் ஆடியது, தோள் ஆடியது, தலையும் ஆடியது. யாரும் ஆடாதே என்று சொல்லவில்லை. மரங்களுக்கடியில் மற்ற கார்கள் மழை விடுவதற்காகக் காத்து நின்றன. பச்சைக் கார் அவற்றைத் தாண்டி மூச்சிரைத்தபடி மேலேறியது. உள்ளங்கை எரிந்தது. அவள் கயிற்றை விடவில்லை.

ஏரி தெரிந்தபோது கொடிக்காரர் கொடியைப் பாதி சுருட்டியிருந்தார். காரைப் பார்த்ததும் அவசரமாக விரித்து ஆட்டினார்.

"இந்த மழையில எப்படி சார் வந்தீங்க? யார் ஓட்டினது?"

"ஸ்டீயரிங்கைப் பிடிச்சது நான்," என்றார் மாமா. "ஓட்டினது நாங்க ரெண்டு பேரும்."

அத்தை குடையோடு ஓடிவந்தார். அவர் இன்னொரு கையில் அளக்கும் டேப் ஒன்று இருந்தது. ஷெட்டை அளந்துவிட்டுத்தான் பஸ் ஏறியிருக்கிறார். அதைச் சட்டென்று பைக்குள் போட்டுக்கொண்டு, பம்பரத்தின் சிவந்த உள்ளங்கைகளைப் பார்த்தார்.

"ஐயோ, என்ன கை இது? சரி, வந்து சேர்ந்துட்டீங்க. நான் சமையலறையிலேயே அறுத்துக்கறேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனாலும் ஆசையாக அளந்துவிட்டு வந்தவர் அல்லவா, அந்த ஏமாற்றம் முகத்தில் கொஞ்சம் தெரியத்தான் செய்தது. பம்பரம் அதைக் கவனித்தாள்.

"அத்தை, இந்தக் கார் ரொம்ப ஒல்லி. ஒரு பக்கமா நிறுத்தினா பாதி ஷெட் மிச்சமிருக்கும். இல்லையா மாமா?"

மாமா காரைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார்.

"மிச்சமிருக்கும்தான்," என்றார்.

"அதெல்லாம் சரி," என்றார் அத்தை. "நான் அங்க வேலை செய்யும்போது யாரோட பாட்டு ஓடும்?"

மாமா டையைத் தளர்த்திக்கொண்டார். பம்பரம் அவரையே பார்த்தாள்.

"நீ சொல்ற பாட்டு," என்றார் கடைசியில். தன் பல்லைத் தானே பிடுங்கிக்கொண்டவர்போல அவர் முகம் ஒரு கணம் கோணியது. ஆனால் சொல்லிவிட்டார்.