பதினேழு பற்களின் பதிவேடு

காலை 11.25.

இரும்பு அலமாரி திறந்து கிடந்தது. மேல் தட்டில் இருக்க வேண்டிய சிவப்பு அட்டைப் பதிவேட்டைக் காணவில்லை.

“ஒருத்தரும் வெளியே போகக் கூடாது!”

பெரிய டாக்டர் போட்ட சத்தத்தில் பல் மருத்துவமனையின் ஆராய்ச்சிப் பிரிவே அதிர்ந்தது. பிரிவு என்றால் ஒரு நீளமான நடைபாதை, அவ்வளவுதான். ஒரு கோடியில் பதிவேட்டு அறை. அதை அடுத்துச் சிகிச்சை அறை. ஒரு பலகைத் தடுப்புக்கு அப்பால் பெரிய டாக்டரின் அறை. மறு கோடியில் எக்ஸ்ரே படம் கழுவும் இருட்டறை. ஒரே ஒரு வாசல். காவலாளி அங்கிருந்து அசையவில்லை, யாரும் வெளியே போகவும் இல்லை.

காலை 11.45.

மருத்துவமனை வளாகத்துக் காவல் நிலையத்திலிருந்து பெண் இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தார்.

“புத்தகம் காணோம்னா லைப்ரரிக்குத்தானே சார் சொல்லணும்?”

“அது புத்தகம் இல்ல மேடம், மூணு வருஷ உழைப்பு!”

பெரிய டாக்டர் படபடவென்று விளக்கினார். வேர் சிகிச்சை செய்த நூற்றிருபது பற்கள். பாதிப் பற்களை அடைத்தது பழைய சிமெண்ட், மீதியைப் புதிய சிமெண்ட். ஒவ்வொரு முறையும் பெட்டி எண் அச்சிட்ட பாக்கெட் ஸ்டிக்கரை உரித்துப் பதிவேட்டில் ஒட்டிவிடுவார்கள். ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து எக்ஸ்ரேயைப் பார்த்து மதிப்பெண் போடுகிறவருக்கு எந்தப் பல்லில் எது என்று தெரியக் கூடாது. அதனால் நகல் கிடையாது, கம்ப்யூட்டரிலும் ஏற்றவில்லை. இன்று பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் பதிவேட்டைத் திறப்பதாக ஏற்பாடு.

“பதினேழு பல் ஆறவே இல்ல. வேர் நுனியில சீழ் அப்படியே நிக்குது. நூத்திருபதுக்கும் சிகிச்சை பண்ணது இவங்கதான்.”

அவர் விரல் காட்டிய இடத்தில், கையுறையைக்கூடக் கழற்றாமல் ஆராய்ச்சி மாணவி உட்கார்ந்திருந்தாள். எக்ஸ்ரே ஆபரேட்டர் அவளை ‘டாக்டரம்மா’ என்பார். மற்றவர்களுக்கும் அதுவே பெயராகிவிட்டது.

“என் கை தப்பா, சிமெண்ட் தப்பான்னு அந்த ஸ்டிக்கர்தான் சார் சொல்லணும். அதை நானே ஏன் எடுக்கப்போறேன்?”

“உன் கைதான்னு சொல்லிடுமோங்கற பயம்! பன்னெண்டு மணிக்குள்ள பதிவேடு வரல, உன் ஆராய்ச்சி ரத்து. அப்புறம் எந்தப் பல்லையும் நீ தொட முடியாது.”

அவள் கண்கள் நிறைந்தன. இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். பதினைந்து நிமிடம் இருந்தது.

“அலமாரிச் சாவி?”

பெரிய டாக்டரின் சுருதி இறங்கியது. “பதினொண்ணு அஞ்சுக்குப் பதிவேடு இருக்கான்னு மட்டும் திறந்து பாத்தேன். பன்னெண்டுக்கு மறுபடி திறக்கணுமேன்னு சாவியை அதுலயே விட்டுட்டேன். அப்புறம் என் ரூம்ல, புள்ளிவிவரக்காரரோட இருபது நிமிஷம் போன்.”

“என்ன பேசினீங்க?”

“இதேதான். அந்தப் பதினேழுக்கும் எந்தப் பெட்டி ஸ்டிக்கர்னு முதல்ல பாக்கணும்னு சொன்னேன்.”

இன்ஸ்பெக்டர் அலமாரி முன் குனிந்தார். தரையில் மூன்று சொட்டு ஈரம்.

“ஈர ஃபிலிம் சொட்டியிருக்கு, பாருங்க. ஃபிலிம் இவ கையிலதான் இருந்தது!” என்றார் பெரிய டாக்டர்.

இன்ஸ்பெக்டர் ஒரு சொட்டைக் காகிதத்தால் தொட்டு எடுத்தார். நூல் போல இழுபட்டது. லேசான இளஞ்சிவப்பு. முகர்ந்தார். வாசனையே இல்லை.

காலை 11.49. சிகிச்சை அறை.

பல் நாற்காலியில் ஸ்டோர்ஸ் அதிகாரி மல்லாந்திருந்தார். மருத்துவமனைக்கு வரும் பஞ்சு முதல் சிமெண்ட் வரை எல்லாம் அவர் கைவழியாகத்தான் வரும். இன்று பல்வலி அவரையே வரவழைத்திருந்தது. வாயை ஒரு பச்சை ரப்பர் திரை மூடியிருக்க, அதன் ஓட்டை வழியே ஒரே ஒரு பல் எட்டிப் பார்த்தது. பல்லில் மெல்லிய ஊசி. கழுத்திலிருந்து தொடை வரை, எக்ஸ்ரே கதிர் படாமல் காக்கும் கனமான நீல ஈய ஏப்ரன். அதன் மேல் கைகளைக் கோத்துக்கொண்டு பரிதாபமாக விழித்தார்.

“அவரை விட்டுடுங்க மேடம். பாவம், பாதி வாய் மரத்துக் கெடக்கு” என்றார் பின்னாலேயே வந்த எக்ஸ்ரே ஆபரேட்டர்.

“பேச வேண்டாம். ஆமான்னா ஒரு விரல், இல்லன்னா ரெண்டு விரல். பதிவேட்டு அறைக்கு யாராவது போனாங்களா?”

ஒரு விரல்.

“டாக்டரம்மாவா?”

கொஞ்சம் தயங்கி, மறுபடி ஒரு விரல்.

“போதுமா மேடம்?” என்றார் பெரிய டாக்டர். மாணவி கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்குப் போதல. டாக்டர், பதினொண்ணு அஞ்சுலேருந்து ஒண்ணு விடாம சொல்லுங்க.”

“வேரோட நீளம் பாக்க எக்ஸ்ரே எடுத்தேன். எச்சில் உறிஞ்சற குழாய் சரியா இருக்கான்னு பாத்தேன். ஏப்ரனை எடுத்துக் கதவுகிட்ட கொக்கியில மாட்டினேன். ஃபிலிமோட இருட்டறைக்குப் போய் வெளியிலயே நின்னேன். கழுவின ஃபிலிமை வாங்கிட்டு இந்த வாசல்கிட்ட வர்றேன், சார் கத்தினார். அப்படியே ஓடினேன். அப்புறம் உள்ள வரவே விடல.”

“நீங்க அவங்களைப் பாத்தீங்களா?”

எக்ஸ்ரே ஆபரேட்டர் தலையைச் சொறிந்தார். “இருட்டறைக்குள்ள என் கையே எனக்குத் தெரியாது மேடம். குரல் கேட்டது. ‘ஆச்சா அண்ணே, ஆச்சா அண்ணே’ன்னு உயிரை வாங்கினாங்க.”

“எத்தனை தடவை?”

“நிமிஷத்துக்கு ஒண்ணு.”

“ஃபிலிம் கழுவற தண்ணிக்கு வாசனை உண்டா?”

“புளிச்ச நாத்தம். என் சம்சாரம் என் சட்டையைத் தனியாத்தான் துவைப்பா.”

இன்ஸ்பெக்டர் நாற்காலியிலிருந்து கதவுக் கொக்கி வரை நடந்தார். ஆறு அடி. கொக்கி காலி.

காலை 11.54.

“அலமாரி முன்னாடி சொட்டினது ஃபிலிம் தண்ணி இல்ல. அதுல நாத்தமே இல்ல. நூலா இழுபடுது, ரத்தச் சாயம் வேற. அது எச்சில். உதடு மரத்துப் போய், உறிஞ்சற குழாயை எடுத்துட்டு எழுந்து நடந்தா, ரப்பர் திரைக்கு அடியில ஒழுகறது தெரியவே தெரியாது. இங்க அந்த நெலமையில இருக்கறவர் ஒரே ஒருத்தர்.”

பெரிய டாக்டர் வாயைத் திறந்தார். “அவர் நாற்காலியிலதானே இருக்கார்?”

“அதனாலதான் யாரும் அவரைக் கணக்குலயே சேர்க்கல. பலகைத் தடுப்பு வழியா நீங்க போன்ல பேசினது கேட்டிருக்கு. டாக்டர் போனதும் எழுந்தார், எடுத்தார். ஒளிச்சு வைக்க நேரமில்ல. ஏப்ரனைக் கழட்டிக் கொக்கியில மாட்டினது டாக்டர். அது எப்படி நடந்து வந்து இவர் மேல ஏறிச்சு?”

இன்ஸ்பெக்டர் ஏப்ரனைத் தூக்கினார். ஸ்டோர்ஸ் அதிகாரியின் வயிற்றின் மேல் சிவப்பு அட்டைப் பதிவேடு.

பெரிய டாக்டர் அதைப் பறித்துப் பக்கங்களைப் புரட்டினார். ஆறாத பற்கள் ஒவ்வொன்றாக. “பதினேழும் ஒரே பெட்டி. நாப்பத்தி மூணாம் நம்பர்.”

“அந்தப் பெட்டியில மிச்சம் ஏதாவது இருக்கா டாக்டர்?”

“டிராயர்ல ரெண்டு பாக்கெட் இருக்கு.”

“சாரோட பல்லை அதுலயே அடைச்சிடுங்க.”

“இன்னும் அடைக்கற கட்டம் வர...” என்று ஆரம்பித்தவள் இன்ஸ்பெக்டரின் கண்ணைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். டிராயரைத் திறந்தாள். பாக்கெட்டின் எண் ஸ்டோர்ஸ் அதிகாரியின் முகத்துக்கு நேராகத் தெரியும்படி பிடித்து, ஓரத்தைக் கிழிக்கப் போனாள்.

“ம்ம்! ம்ம்!”

இரண்டு விரல்கள் மேலே பறந்தன. மறு கை அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

ரப்பர் திரையை எடுத்ததும் சொற்கள் கோணலாக வந்து விழுந்தன. “மழைத் தண்ணி ஸ்டோருக்குள்ள வந்துடுச்சு. அந்தப் பெட்டி ஊறிடுச்சு. பாக்கெட்டைப் பிரிச்சு, காய வெச்சு, திரும்ப ஒட்டினேன். பொடிதானே, ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன். டாக்டரம்மா, தயவு பண்ணி எனக்கு வேற பாக்கெட் போடுங்க...”

மாணவி அவர் கையை மெல்ல விலக்கினாள். ஊசியை எடுத்தாள். பல்லுக்குத் தற்காலிக அடைப்பு வைத்து, விரலால் அழுத்திச் சரிபார்த்தாள். அவள் கை கொஞ்சமும் நடுங்கவில்லை.

“அந்தப் பதினேழு பேரும் இப்படிக் கேக்கல சார். அவங்களுக்குத் தெரியாது.”

பகல் 12.00. பக்கத்து அறையில் டெலிபோன் அடித்தது. பெரிய டாக்டர் நகரவில்லை, மாணவியைப் பார்த்தார்.

“புள்ளிவிவரக்காரர்தான். நீயே சொல்லிடும்மா.”

“அவர் காத்திருக்கட்டும் சார்” என்றாள் அவள், புதுக் கையுறையை மாட்டிக்கொண்டே. “முதல்ல அந்தப் பதினேழு பேருக்கும் போன் போடுங்க. இன்னிக்கே யாரெல்லாம் வர முடியும்னு கேளுங்க.”