இரண்டாவது இழுப்பு

மெஷின்களையெல்லாம் அணைத்துப் போட்டிருந்த கூடத்திலிருந்து, சாத்திய கண்ணாடிக் கதவையும் தாண்டி, ‘டிக்’ என்று ஒரு சத்தம் வந்தது.

சுசித்ரா கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். ஆயுத பூஜை நாள். மத்தியானமே பூஜை முடிந்து, ஆளுக்கொரு பை பொரி கடலையோடு எல்லாரும் கம்பெனி பஸ் ஏறிவிட்டார்கள். மெஷின்களுக்குப் போகும் மெயின் சுவிட்சை இறக்கியதை அவளே பார்த்தாள். பிறகு எது டிக்கென்றது? காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சர்வர் அறை ஏசியின் இரைச்சலும், தகரக் கூரையில் விட்டு விட்டுப் பெய்யும் தூறலும், எங்கோ ஒரு குழாய் சொட்டுவதும்தான் கேட்டன. சூடு ஆறுகிற இரும்பு சில சமயம் அப்படிச் சத்தம் போடும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு மறுபடி திரையைப் பார்த்தாள்.

பண்டிகை நாளில் வேலைக்கு வர வேறு யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. அவளுக்கு என்ன பண்டிகை? சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்பும்வரை நல்ல நாளும் கிடையாது, பெரிய நாளும் கிடையாது. மாசியில் புருஷன் தமிழரசன் போனதிலிருந்து பாரூர் வீட்டில் வாசல் கூட்டித் தண்ணீர் தெளிப்பதோடு சரி. வீட்டில் சும்மா உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதற்கு இங்கே உட்கார்ந்து திரையைப் பார்க்கலாம் என்று தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

வாட்ச்மேன் வெங்கடப்பன் பிளாஸ்க்கில் டீயோடு வந்தார். கர்நாடக எல்லையில் இருக்கும் தளிக்காரர். சாப்பாட்டை மட்டும் கன்னடத்தில்தான் விசாரிப்பார்.

“ஊட்டா ஆய்தாம்மா?”

“ஆச்சுங்கண்ணா.”

“பொய்யி. பொரிப் பொட்டலத்தக்கூடப் பிரிக்கல. அப்பிடி என்னதான் பண்றே இந்தப் பொட்டியில?”

“போன மாசம் வைரஸ் வந்து லைன் படுத்துக்கிச்சில்ல? இனிமே ஒரு மெஷினும் இன்டர்நெட் பக்கம் போவக் கூடாதாம். நம்ம ஊருச் சந்தைக்கு வீட்டுக்கு வீடு ஓடாம, ஒருத்தரே போயி, நல்லதா பொறுக்கி, மொத்தமா வாங்கியாந்து குதிர்ல கொட்டி வெச்சா எப்பிடி? அது மாதிரி. வேணும்ங்கிற சாஃப்ட்வேர் பூரா இந்த ஒரே சர்வர்ல இருக்கும். மெஷினுங்க இதுகிட்ட மட்டும் கேட்டு வாங்கிக்கும். ரெப்போ சர்வர்னு பேரு.”

“அதுக்கு இன்னிக்கேவா? பூஜ போட்ட சாமானத் தொடக் கூடாதும்மா. நாளைக்கித்தான் எடுக்கணும்.”

“ரோபோ கைங்களுக்குக் கரன்ட் குடுக்கலண்ணா. கன்ட்ரோல் பொட்டிக்கு மட்டும் யூபிஎஸ்ல போட்டிருக்கேன். சர்வர்கூட பேசுதான்னு பாத்துட்டு அணைச்சிடுவேன்.”

“என்னமோ போ. நான் கேட்டாண்ட இருக்கேன்.”

அவர் போனபின் கண்ணாடி வழியே கூடத்தைப் பார்த்தாள். கம்பி வேலிக்குள் நான்கு ரோபோ கைகள் தலை குனிந்து நின்றன. தோளில் சாமந்தி மாலை, மணிக்கட்டில் சந்தனம், குங்குமம். மின்சார ஸ்கூட்டர் பேட்டரிப் பெட்டிக்குள் ஒயர் கனெக்டரைச் சொருகுவது அவற்றின் வேலை. அந்த வேலையை அவற்றுக்குச் சொல்லிக்கொடுத்தவன் தமிழரசன். விஜயதசமிக்குக் குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுத வைப்பார்களே, அப்படி. இரும்பு மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தன் கை போன போக்கில் கூட்டிப்போவான். அது அப்படியே மனப்பாடம் செய்துகொள்ளும். சொருகு. டிக். பிறகு இரண்டு முறை இழுத்துப் பார். அவன் எதை மாட்டினாலும் இரண்டு முறை இழுத்துப் பார்க்காமல் விட்டவனில்லை. அவன் எரிந்து சாம்பலான பிறகும் அவன் கை இந்த நான்கு இடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கத்தான் அவள் தினமும் வேலைக்கு வந்தாள்.

போன் அடித்தது. மேனேஜர் கமலக்கண்ணன்.

“சர்வர் ரெடியாம்மா?”

“ஏத்தியாச்சு சார். மூணு கை பேசிடுச்சு. நாலாவதுதான் பாக்கி.”

“தமிழரசன் சாவி இன்னும் நம்பிக்கைப் பட்டியல்ல இருக்குது பாரு. அத எடுத்துடு. நாளைக்கிக் காலைல பெங்களூர்க்காரங்க புது புரோகிராம் ஏத்துறாங்க.”

ஒவ்வொரு சாஃப்ட்வேர் பேக்கேஜிலும் அதை எழுதியவனின் மின்கையெழுத்து இருக்கும். எந்தச் சாவியால் போட்ட கையெழுத்தை நம்புவது என்று சர்வரிடம் சொல்லிவைக்க வேண்டும். பட்டியலிலிருந்து ஒரு சாவியை எடுத்துவிட்டால், அந்த ஆள் எழுதியது எதுவும் அதன்பின் எந்த மெஷினிலும் ஏறாது.

“பழசு ஒரு ஓரமா கெடக்கட்டுமே சார்.”

“எதுக்கும்மா? சொருகிட்டு ரெண்டு வாட்டி இழுக்குது. வீண் அசைவுன்னு அவங்க எழுதியே குடுத்துட்டாங்க. உன் மனசு எனக்குப் புரியாம இல்ல. ஆனா லைன் ஓடணுமில்ல?”

சரி என்றாள். அழித்துவிடலாம் என்று அந்தப் பெயர் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்தாள். வைத்தவள் வைத்தபடியே இருந்தாள். வீண் அசைவாம்! காலையில் பைக் எடுக்குமுன் அவளுக்கு ஹெல்மெட் மாட்டி, முகவாய்க்கட்டைக்குக் கீழே வாரைச் சொருகுவான். டிக். விரலை உள்ளே விட்டு, ஒன்று, இரண்டு என இழுத்துப் பார்ப்பான். “போலாமா?” என்பான். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்குக் காலை என்றால் அதுதான்.

மாசியில் அன்றைக்கு ராத்திரி வண்டி நிறுத்துமிடத்தில் அவள் ஹெல்மெட்டை எவனோ எடுத்துப் போய்விட்டான். தமிழரசன் தன்னுடையதைக் கழற்றி அவள் தலையில் கவிழ்த்தான். “எனக்கென்னடி, மண்ட கெட்டி” என்று சிரித்தான். பாரூர்க் கால்வாய் வளைவில், பின்விளக்கு இல்லாமல் கரும்பு ஏற்றிய டிராக்டர் நின்றிருந்தது. வண்டி கால்வாயில் போய் விழுந்தது. அவள் கரையில் மல்லாந்து கிடந்தாள். சுற்றிலும் நசுங்கிய கரும்பின் தித்திப்பு நெடி. அவன் ஊர்ந்து வந்தான். அவன் தலையை அவளால் பார்க்க முடியவில்லை. கை மட்டும் வந்து அவள் முகவாயைத் தடவி, வாருக்குள் விரலை விட்டு, ஒரு முறை இழுத்துப் பார்த்தது. அடுத்த இழுப்பு வரவில்லை. விரல் அங்கேயே இருந்து குளிர்ந்துபோனது.

அந்த இன்னொன்றுக்குத்தான் அவள் முகவாய் இன்னும் காத்திருக்கிறது. இதை யாரிடம் சொல்வது? சொன்னால் வேப்பிலை அடிக்கக் கூட்டிப்போவார்கள்.

டிக்.

இந்த முறை சந்தேகமில்லை. கூடத்திலிருந்துதான்.

திரையில் புதிதாக ஒரு வரி. நான்காம் கை சர்வரோடு பேசத் தொடங்கியிருந்தது. கேட்டு வாங்க வேண்டிய அது, ஒரு பேக்கேஜை அனுப்பிவைத்திருந்தது. பெயர்: சுசி. எழுதியவர்: தமிழரசன். தேதி: இன்று.

பழைய கோப்பு ஏதாவது அதன் நினைவில் தங்கியிருக்கும் என்று நினைத்தாள். தேதி தப்பாக இருக்கும். யாராவது விளையாடுகிறார்களோ என்றும் நினைத்தாள். கையெழுத்தைச் சோதிக்கச் சொன்னாள். சரி என்றது சர்வர். அவன் சாவி இருந்த பென்டிரைவ் வண்டிச் சாவிக்கொத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. வண்டியோடு கால்வாயில் விழுந்தது. ஆள் விட்டுத் தேடியும் கிடைக்கவில்லை. உலகத்தில் வேறு யாராலும் அந்தக் கையெழுத்தைப் போட முடியாது.

பேக்கேஜோடு ஒரு குறிப்பு இருந்தது. எதை மாற்றினாலும் ஒரு வரி எழுதிவைப்பான் அவன்.

‘விட்டுப்போனது ஒன்று.’

அதன் கீழே சர்வர், அவளே காலையில் அமைத்து வைத்தபடி, பணிவாகக் கேட்டது: வெளியிட அனுமதிக்கலாமா?

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பயம் இருந்தது. ஆனால் அதைவிட ஆசை பெரிதாக இருந்தது. நாளைக் காலையில் பெங்களூர்க்காரர்கள் வந்துவிடுவார்கள். அதன்பின் அவன் கை உலகத்தில் எங்கேயும் இருக்காது.

ஆம் என்று அழுத்தினாள்.

ஏசி நின்றது. விளக்கு ஒருமுறை மங்கித் தெளிந்தது. கூடத்தின் கோடியில், இறக்கிவைத்த சுவிட்சின் அந்தப் பக்கம், கம்ப்ரஸர் முனகி மூச்சு வாங்கத் தொடங்கியது. குழாய்களில் காற்று ஏறும் சீறல் சுவரோடு சுவராக ஊர்ந்து வந்தது. கதவைத் திறந்தாள். சாம்பிராணி வாசனை இல்லை. கால்வாய்ச் சேறு. நசுங்கிய கரும்பு.

“அண்ணா!” என்று கூப்பிட நினைத்தாள். நினைத்தபடியே வேலிப் பக்கம் நடந்தாள்.

வேலிக் கதவு. அதைத் திறந்தால் கைகள் அத்தனையும் நின்றுவிட வேண்டும். அதற்காகத்தான் அந்தக் கதவு. திறந்தாள்.

நிற்கவில்லை.

நான்காம் கை தலை நிமிர்ந்தது. மாலையிலிருந்து சாமந்தி உதிர்ந்தது. அவசரமில்லை. வேலையின் வேகமில்லை. காலையில் பைக் பக்கத்தில் நின்று அவன் கையை நீட்டுகிற அதே நிதானம். கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து வருவது உட்பட.

அவள் நகரவில்லை.

மற்ற மூன்று கைகளும் திரும்பின. அவையும் சர்வரிடம் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் தன் முன்னால் இருந்த காற்றில், சரியாக அவள் முகவாய் உயரத்தில், விரலை வளைத்து நின்றது. விரல்களில் குங்குமம். காலையில் வைத்தது. இன்னும் ஈரமாக. சொட்டிக்கொண்டு.

கழுத்தில் குளிர்ந்த இரும்பு. ரப்பர் விரல் முகவாயைத் தடவியது. தேடியது. இல்லாத வாரைக் கண்டுபிடித்தது.

டிக்.

இறுகியது. மூச்சு முட்டியது. கையைத் தட்டிவிட அவள் கை உயர்ந்தது. உயர்ந்த கை அந்த இரும்பு மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. சூடாக இருந்தது அது.

காது மடலில் கரும்புச் சாறு வாசனையடிக்கும் ஒரு மூச்சு.

“போலாமா?”

எப்போதும் இரண்டும் இழுத்த பிறகுதான் கேட்பான். இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறதே என்று நினைத்தாள். நான்கு கைகளும் ஒன்றாகப் பின்னுக்குச் சாய்ந்தன, இழுப்பதற்கு. சுசித்ரா கண்ணை மூடிக்கொண்டு, தினமும் காலையில் செய்வதுபோல, முகவாயை நன்றாக உயர்த்திக் கொடுத்தாள்.